வெயிலில் காய்ந்த பற்றரியும் கால் முறிந்த சிப்பும்

கிற்றாருக்குப் பெட்டி கட்டும் பிள்ளைகளே, உங்களில் யாரைக் கண்டாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான். "ஐயா, பஃபருக்கு எந்தச் சிப் நல்லது?" கேட்கிறபோதே இரண்டு மூன்று இலக்கங்களைத் துண்டில் எழுதிக்கொண்டுதான் வருகிறீர்கள். நான் ஒன்றைச் சொன்னால் மற்றதை எழுதி வந்தவனுக்கு முகம் கறுத்துவிடுகிறது. போன கிழமைகூட இரண்டு பேர் என் முன்னாலேயே சண்டை பிடித்தீர்கள். பந்தயச் சேவலுக்குச் சண்டை பிடித்தாலும் ஒரு நியாயம் இருக்கிறது. எட்டுக் கால் வைத்த கறுப்புத் துண்டுக்கு இவ்வளவு கோபம் எதற்கு?

எனக்கும் ஒரு காலத்தில் அந்தக் கோபம் இருந்தது. உங்களைவிடக் கூடவே இருந்தது. அது எப்படி இறங்கியது என்பதைச் சொல்கிறேன். இதில் பிழை விட்டவன் நான், வென்றவனும் நான். அதனால் கொஞ்சம் பெருமையடிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. அரியாலையிலிருந்து சைக்கிளில் யாழ்ப்பாணம் போய், பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு றேடியோ திருத்தும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். வெளிநாட்டுச் சாமான் எதுவும் லேசில் கிடைக்காத காலம் அது. கைவிளக்குக்குப் போடும் ஒரு சின்ன ரோச் பற்றரி வாங்கவும் கூட்டுறவுச் சங்கக்கடையில் முகம் தெரிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில்தான் குணம் தன் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தான்.

குணம் வடகரையில் ஒரு கடலோர ஊர்ப் பையன். தகப்பன் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். மாமன் கப்பலில் வேலை. அந்தக் கிற்றாரை மாமன்தான் எங்கோ ஒரு துறைமுகத்தில் வாங்கி வந்து கொடுத்திருந்தார். குணம் ஒரு இசைக்குழுவில் சேர்ந்திருந்தான். குழுவின் தலைவரை எல்லோரும் மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பார், பொழுதுபட்டால் ஆர்மோனியத்தோடு இருப்பார். கணக்கிலும் சுருதியிலும் யாருக்கும் ஒரு புள்ளி விட்டுக் கொடுக்க மாட்டார்.

"அண்ணை, போன வருசம் எங்கட அம்மன் கோயில் திருவிழாவிலை நான் வாசிச்சது ஒருத்தருக்கும் கேக்கேல்லை. ஈரச் சாக்குக்குள்ளை கிடந்து கத்தின மாதிரி இருந்ததாம். எங்கட ஊர்ச் சனமே கூவிச்சுது. மாஸ்ரர் சொல்லிப்போட்டார், இந்த முறையும் அப்பிடியெண்டா அக்கோடியன்காரரைப் போடப்போறாராம். நான் குழுவிலை இல்லை."

சொல்லிவிட்டுக் கிற்றாரைத் தடவிக்கொண்டு நின்றான். அழவில்லை. ஆனால் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

என்ன நடந்தது என்று துருவிக் கேட்டேன். கடலுக்குக் கிட்ட இருக்கும் அந்தக் கோயிலில் மேடை போடும் இடத்துக்கும் ஒலிபெருக்கிக்காரர் தன் சாமான் வைக்கும் கொட்டிலுக்கும் நடுவில் சுவாமி வெளிவீதி சுற்றும் பாதை. அந்தப் பாதைக்குக் குறுக்கே நிலத்தில் ஒரு நூல்கூடக் கிடக்கக்கூடாது. எனவே கிற்றாரின் வயர் மேடையிலிருந்து பந்தல் கால்களில் ஏறி, வாழைமரம் கட்டிய வளைவு வழியாகச் சுற்றி, கொட்டிலுக்கு இறங்கும். நாற்பது யார் நீளம் வரும். ஒலிபெருக்கிக்காரரோ தன் பெட்டியை ஜெனரேற்றருக்குப் பக்கத்திலிருந்து ஒரு அடிகூட நகர்த்த மாட்டார். வாத்தியக்காரர் யாரும் அதைத் தொடவும் விட மாட்டார்.

கிற்றார்க் கம்பியின் சத்தம் பிறக்கும்போதே நோஞ்சான். நாற்பது யார் வயரை அது தனியாக இழுத்துக்கொண்டு போக வேண்டுமென்றால், கூர்மையெல்லாம் வழியிலேயே உதிர்ந்து, வெறும் முனகல்தான் போய்ச் சேரும். பஃபர் என்கிற பெட்டிக்கு வேலை அந்த இடத்தில்தான். கிற்றாரை வருத்தாமல் சத்தத்தை வாங்கி, வயரின் சுமையைத் தான் தாங்கி மறுகரைக்கு அனுப்பி வைக்கும். அதைக் கூட்டவும் குறைக்கவும் அதற்கு உரிமை இல்லை. இவ்வளவுதான். இது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்லாமல் விட்டால் கதை நிற்காது.

கடையில் ஒரு பழுதான அளவுக் கருவியிலிருந்து கழற்றிய 741 என்ற சிப் ஒன்று இருந்தது. முதல் பெட்டியை அதை வைத்துத்தான் கட்டினேன். மாஸ்ரரையும் கூட்டிக்கொண்டு குணம் கேட்க வந்தான். கிற்றார் வடிவாகத்தான் கேட்டது. ஆனால் வாசிப்பை நிறுத்தினால் "சா..." என்று ஒரு மெல்லிய இரைச்சல். மாஸ்ரர் பெட்டியில் காதை வைத்தார்.

"என்ன தம்பி, உதுக்குள்ளை பாம்பு ஏதும் கிடக்கோ?"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. என் வேலையைப் பற்றி அதுவரை யாரும் பகிடி பண்ணியதில்லை.

அந்த மாதமே குணத்தின் மாமன் கப்பலால் வந்தார். வரும்போது மருமகனுக்காக ஒரு புதுமாதிரிச் சிப் வாங்கி வந்திருந்தார். அதோடு நாலாக மடித்த ஆங்கிலத் தாள் ஒன்றும் இருந்தது. 741-ன் அதே எட்டுக் கால், அதே வரிசை. ஆனால் உள்ளே வேறு சாதி. அதன் வாசலில் மின்சாரம் கிட்டத்தட்ட நுழைவதே இல்லை, இரைச்சலும் மிகக் குறைவு. தாளின் முதற்பக்கத்தில் இருந்த இலக்கங்களைப் பார்த்ததும் எனக்கு வாய் ஊறியது. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. அதையும் கண்டேன். பிறகு படிக்கலாம் என்று தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். பொடி எழுத்தை அலட்சியம் பண்ணுகிற வியாதி உங்களுக்கு மட்டும் வந்ததென்று நினைக்காதீர்கள்.

ஒரு நல்ல காரியம் மட்டும் செய்திருந்தேன். சிப்பைப் பலகையில் நேரே ஈயம் வைத்து ஒட்டாமல், கழற்றிப் பூட்டுகிற மாதிரி ஒரு தாங்கியில் இருத்தியிருந்தேன். 741-ஐ இழுத்தெடுத்து, "பாம்பே, போ" என்று கருவிப்பெட்டியின் அடிக்குள் எறிந்தேன். புதுச் சிப்பைப் பூட்டினேன். கடையின் ஒன்பது வோல்ற் இணைப்பில் கொடுத்துப் பார்த்தபோது, வாசிக்காத நேரத்தில் பெட்டி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மாஸ்ரர் திரும்ப வந்து காதை வைத்தார். இம்முறை ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அது பரிசு.

பெட்டிக்கு ஆறு சின்னப் பற்றரி வேண்டும். சங்கக்கடையில் கெஞ்சி வாங்கிய ஆறு புதுப் பற்றரியைக் குணத்தின் கையில் கொடுத்தேன். "திருவிழா வரைக்கும் இதைத் தொடாதை" என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

திருவிழா அன்று நானும் போனேன். என் பெட்டி முழங்குவதை என் காதால் கேட்க வேண்டுமென்ற ஆசை. பின்னேரம் நாலு மணிக்கு மேடையில் ஒத்திகை. மேடையோரத்தில் பாய் விரித்து ஒரு பெரியவர் இருந்தார். பக்கத்தில் ஒரு கறுப்புத் தோல் பெட்டி. மாஸ்ரர், கடல் அலை கேளாத தோட்ட ஊரான கோப்பாயிலிருந்து கூட்டி வந்திருந்த அக்கோடியன்காரர். குணம் அவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். மாஸ்ரர் சொன்னதைச் செய்பவர் என்பது இருவருக்கும் விளங்கிவிட்டது.

குணம் முதலில் மெல்லத் தட்டினான். நாற்பது யாருக்கு அப்பால், பனைமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்களிலிருந்து கிற்றார் மணி மணியாக வந்தது. பந்தலுக்கு மணல் பரப்பிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

பிறகு அவன் ஓங்கி அடித்தான். தகரத்தைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம். இன்னொருக்கா அடித்தான், இன்னொருக்கா கிழிந்தது. ஒரு நாய் எழும்பி ஓடியது.

"வயர் பிழை," என்றார் மிருதங்கக்காரர். "கிற்றார் பிழை," என்றார் ஒலிபெருக்கிக்காரர், தன் கொட்டிலிலிருந்தே. மாஸ்ரர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு மணிக்கு சுவாமி வெளிக்கிடும். உள்ளை வந்து இருந்த உடனை நாங்கள் துவங்க வேணும். அதுக்குள்ளை சரிவந்தாச் சரி. இல்லாட்டி குணம், நீ கீழை இரு."

கைகள் பதறுகிற நேரம் இதுதான். ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்ல, வயரை மாற்று, ஈயத்தைத் திரும்ப வை, கிற்றாரைக் கழற்று என்று உடம்பு ஓடத் துடிக்கும். ஓடியிருந்தால் ஆறு மணிக்கு என் முன்னால் பத்துத் துண்டுகள் கிடந்திருக்கும். நான் மேடையின் பின்பக்கம் போய் இருந்தேன். ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டேன். கடையில் இருந்தது எது இங்கே இல்லை? கிற்றார் அதே கிற்றார். பெட்டி அதே பெட்டி. வயர் நீளம்தான், ஆனால் மெல்லத் தட்டினபோது அதே வயரில் மணி மணியாக வந்ததே. மிச்சம் இருப்பது ஒன்றுதான். கடையில் மின்சாரத்தை நான் கொடுத்தேன். இங்கே பற்றரி கொடுக்கிறது.

மீற்றரை வைத்துப் பார்த்தேன். ஒன்பதில் நிற்க வேண்டிய முள் ஏழுக்குக் கீழே நின்றது.

"குணம், இது நான் தந்த பற்றரியோ?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "இல்லை அண்ணை. அப்பு கடலுக்குப் போன நேரம் காத்துச் செய்தி கேக்க அம்மாவின்ரை றேடியோவுக்குப் பற்றரி இல்லை. நீங்கள் தந்ததை அதுக்குப் போட்டிட்டன். இது பழசு. மூண்டு நாள் வெயில்லை காயவைச்சனான். விடியப் போட்டுப் பாக்க ரோச் பளிச்செண்டு எரிஞ்சது."

எனக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. தகப்பன் கடலில் நிற்கும்போது காற்றுச் செய்தி கேட்கிற தாயிடமிருந்து பற்றரியைப் பறிக்கச் சொல்ல எனக்கு என்ன தகுதி?

"சரி. ஊரிலை ஆரிட்டையும் புதுப் பற்றரி இருக்கோ? கெதியாப் பார்."

அவன் ஓடினான். அரை மணித்தியாலத்தில் சாரத்தின் மடிப்பில் பற்றரிகளை அள்ளிக்கொண்டு வந்தான். பெரிது, சின்னது, நிறம் போனது எல்லாம் இருந்தன. பத்து வீட்டு ரோச்சுகளைக் கவிழ்த்திருக்கிறான். ஒவ்வொன்றாக மீற்றரில் வைத்தேன். ஒன்றும் உருப்படியில்லை. மூக்கில் பிடித்தால் கருவாட்டு மணம். அப்போதுதான் விளங்கியது. அந்த ஊரில் மீன் காயும் பாயிலேயே பற்றரியும் காய்கிறது. ஊர் முழுக்க வெயிலை நம்பித்தான் வெளிச்சம் அடிக்கிறது. கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வெயிலில் வைத்த பற்றரி கொஞ்ச நேரம் எழும்பி நிற்கும், வேலை கொடுத்தால் குந்திவிடும். ரோச் அடித்துப் பார்க்கிறவனுக்கு அது தெரியாது.

சட்டைப்பையில் அந்தத் தாள் இன்னும் இருந்தது. நாலு மடிப்பையும் பிரித்து, கடைசிப் பக்கத்தின் பொடி எழுத்தை அந்த மேடைக்குப் பின்னால் மணலில் இருந்துதான் முதல்முதலாகப் படித்தேன். என் தொழிலில் எனக்குக் குரு என்று ஒருவர் இருந்தால் அந்த இரண்டு வரிதான். உள்ளே வரும் சத்தம் கீழ்ப்பக்கம் அளவுக்கு மிஞ்சி இறங்கினால், இந்தச் சிப் அடங்கி நிற்காது, தலைகீழாகப் பாய்ந்து மேலே ஓடும் என்று எழுதியிருந்தது. ஒன்பது வோல்ற்றில் இறங்குவதற்கு ஓரளவு இடம் இருந்தது. ஏழுக்குக் கீழே இடமே இல்லை. ஓங்கி அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் என் அருமைச் சிப் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தது.

மாஸ்ரர் எட்டிப் பார்த்தார். "மெல்ல வாசிச்சா வருமெல்லே? மெல்லவே வாசிக்கட்டும்."

"மெல்ல வாசிச்சா மிருதங்கத்துக்குள்ளை அமத்துப்படும், மாஸ்ரர். அங்கை கூட்டினா ஜெனரேற்றரின்ரை உறுமலும் சேந்து கூடும். போன வருசத்தை மாதிரித்தான் முடியும்."

"அப்ப என்ன செய்யப் போறீர்?"

"பாப்பம்," என்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதை அவரிடம் சொல்லத்தான் தைரியம் இல்லை.

741. அந்தப் பாம்பு. அதன் பலவீனம் எனக்கு மனப்பாடம். இரையும். அதைவிட வேறு என்ன செய்யும்? பற்றரி இறங்கினால் அதுவும் சோரும், ஆனால் உச்சம் கொஞ்சம் மழுங்குமே தவிரத் தலைகீழாகப் பாயாது. மின்சாரமும் புதியதைவிடக் குறைவாகத்தான் குடிக்கும். அதன் இரைச்சலை மாஸ்ரர் பிடித்தது கடைக்குள், பெட்டியில் காதை ஒட்டி வைத்து. இங்கே ஜெனரேற்றர் உறுமுகிறது, பிள்ளைகள் ஊதுகுழல் ஊதுகிறார்கள், ஐஸ்பழக்காரன் மணி அடிக்கிறான். ஆயிரம் பேருக்கு நடுவில் எந்தப் பாம்பின் சீற்றம் கேட்கப்போகிறது? பிள்ளைகளே, இதைத்தான் தலையில் போட்டுக்கொள்ளுங்கள். எது நல்ல சிப் என்று கேட்காதீர்கள். எது எப்படிக் கெடும், அந்தக் கேடு அந்த இடத்தில் யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள்.

கருவிப்பெட்டியைக் கவிழ்த்தேன். 741 அடியில் கிடந்தது, நான் எறிந்த வேகத்தில் கால்களெல்லாம் மடங்கி, செத்த பூச்சி மாதிரி. ஒவ்வொரு காலாகக் குறட்டால் நிமிர்த்தினேன். கோயிலுக்குள் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. கடைசிக் காலை நிமிர்த்தும்போது டிக் என்று முறிந்து மணலில் விழுந்தது.

குணம் "ஐயோ அம்மாளாச்சி" என்று தலையில் கை வைத்தான்.

முறிந்த துண்டை மணலில் தேடி எடுத்தேன். பிறகு எத்தனையாவது கால் என்று எண்ணினேன். எட்டாவது. உங்களுக்குத் தெரியும், அந்தச் சிப்பில் எட்டாவது காலுக்கு உள்ளே ஒரு தொடர்பும் இல்லை. எண்ணிக்கை சரிவரட்டும் என்று வைத்த கால். இவ்வளவு நேரமும் பதறாமல் இருந்த நான் அப்போது விழுந்து விழுந்து சிரித்தேன். குணம் எனக்கு விசர் பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பான்.

"ஏழு காலே போதும். பெட்டியைத் தா!"

பூட்டினேன். சுவாமி வெளிவீதிக்கு வந்துவிட்டதால் ஒத்திகை பார்க்க முடியாது. மேளம் முழங்கும்போது மேடையில் கிற்றாரை அடிக்க யாருக்குத் துணிவு வரும்? அம்மன் ஆடி அசைந்து எங்கள் வயருக்குக் கீழாகப் போனாள். நான் அம்மனைக் கும்பிடவில்லை, வயரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் தாய் கோபிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

சுவாமி உள்ளே போய் இருந்தது. சனம் மணலில் வந்து நிறைந்தது. மாஸ்ரர் குணத்திடம், "முதல் பாட்டு. பிழைச்சா நீயாவே இறங்கிவிடு, நான் சொல்ல மாட்டன்," என்றார். அக்கோடியன்காரர் பெட்டியின் பூட்டைத் திறந்து வைத்தார். அவரும் பாவம், கூப்பிட்டபடியால் வந்தவர். நான் அவருக்குப் பக்கத்தில் பாயில் இருந்தேன்.

பாட்டுத் தொடங்கியது. குணம் முதல் வரியிலேயே ஓங்கி அடித்தான். பயந்து பயந்து தொட்டுப் பார்க்காமல், போன வருசம் முழுக்க உள்ளே வைத்திருந்ததை ஒரே அடியில் இறக்கினான். பனைமரத்துக் குழாய்கள் நாலும் முழங்கின. கிழியவில்லை! மிருதங்கத்துக்கு மேலால், ஜெனரேற்றருக்கு மேலால், கம்பி கம்பியாகக் கிற்றார் வந்து சனத்தின் மேல் விழுந்தது. பின்வரிசையில் வலை முடிந்துகொண்டிருந்த ஒருவர் எழும்பி, "எடேய், உவன் எங்கட குணமெல்லே!" என்று கத்தினார். பாட்டு முடிய விசில் பறந்தது. போன வருசம் கூவிய அதே சனம், "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று கை தட்டியது. ஒலிபெருக்கிக்காரர்கூடக் கொட்டிலை விட்டு வெளியே வந்து நின்றார். அந்த மனிதர் கொட்டிலை விட்டு வந்ததை அந்த ஊரில் யாரும் கண்டதில்லை என்று பிறகு சொன்னார்கள். நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

நாலு பாட்டு இப்படியே போனது. ஐந்தாவதற்கு மாஸ்ரர் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்தார்.

"குணம், இதை நீ துவங்கு. தனிய."

குழுவில் அதுவரை எந்தப் பாட்டையும் மாஸ்ரரைத் தவிர வேறு யாரும் தொடங்கியதில்லை. குணத்துக்கு அது பட்டம் கட்டியது மாதிரி. எனக்கோ அந்தப் பாம்பின் ஞாபகம் வந்தது. தனிய என்றால் மிருதங்கம் இல்லை, ஆர்மோனியம் இல்லை. சனமும் என்ன வரப்போகிறது என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. ஊதுகுழல்கூட ஓய்ந்துவிட்டது; ஜெனரேற்றரும் நாற்பது யாருக்கு அப்பால்தானே உறுமியது. ஆயிரம் பேரின் சத்தம் மறைக்கும் என்று நான் போட்ட கணக்கில் இப்படி ஒரு அமைதி சேர்ந்திருக்கவில்லை. குணம் கம்பியில் கையை வைப்பதற்கு முந்திய அந்த இடைவெளியில், நாலு குழாயிலிருந்தும் அது வந்தது. "சா..."

மாஸ்ரர் தலையைத் திருப்பினார். அவர் கூட்டத்துக்கு மேலால் இருட்டுப் பக்கம் பார்த்துவிட்டு, திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார். குணத்தின் விரல்கள் இறங்கின, பாட்டு எழும்பியது.

அக்கோடியன்காரர் தன் பெட்டியை மெல்ல மூடி, பூட்டைப் போட்டார். பிறகு என் பக்கம் சாய்ந்து, கோப்பாய்த் தோட்டக்காரர்களுக்கே உரிய ஆசையோடு கேட்டார்.

"தம்பி, பாட்டுக்கு முதல் சா எண்டு கேட்டது, உது கடலோ?"

"ஓம் அண்ணை," என்றேன். "கடல்தான்."